வள்ளம் கட்டும் கயிற்றுக்குள் ஒரு குளோரைட்டு

ஊர்காவற்துறையிலும் நெடுந்தீவிலும் தும்புக் கயிற்றால் வள்ளம் கட்டிய காலம் போய்விட்டது. இப்போது கரையெங்கும் நீல, பச்சை நிறக் கயிறுகள்தான். உப்புநீரில் இற்றுப்போகாது, தண்ணீரில் மிதக்கும். பொலிபுரோப்பிலீன் என்ற அந்தப் பிளாஸ்டிக் எப்படி உருவாகிறது என்று தேடத் தொடங்கிய எனக்கு, வழி பரந்தனுக்கும் புல்மோட்டைக்கும் போனது வியப்பாக இருந்தது.

புரோப்பிலீன் ஒரு வாயு. அதன் மூலக்கூறுகளை மணி கோர்ப்பதுபோல ஒரே ஒழுங்கில் கோர்த்தால் உறுதியான பிளாஸ்டிக் கிடைக்கும். தாறுமாறாகக் கோர்த்தால் பசைபோன்ற ஒன்றுதான் மிஞ்சும். ஒழுங்காகக் கோர்க்க ஓர் ஊக்கி வேண்டும். 1953இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர், தைத்தேனியம் நாற்குளோரைட்டுடன் ஓர் அலுமினியச் சேர்வையைக் கலந்து எதிலீனைக் கோர்த்தார். அடுத்த ஆண்டு இத்தாலியின் ஜூலியோ நாட்டா அதே வழியில் புரோப்பிலீனைக் கோர்த்தார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தைத்தேனியம் நாற்குளோரைட்டு ஒரு திரவம். ஈரக்காற்று பட்டதும் வெண்புகை கக்கும். முதலாம் உலகப் போரில் படைகளை மறைக்கும் புகைத்திரைக்கும் இதைப் பாவித்தார்கள். ஆரம்பகால ஊக்கிகள் மந்தமானவை. பிளாஸ்டிக்கில் தங்கிய மிச்சத்தைக் கழுவி அகற்றவும் வேண்டியிருந்தது. 1960களின் இறுதியில், மகனீசியம் குளோரைட்டுப் பளிங்குகளின் மேற்பரப்பில் தைத்தேனியத்தைப் பரப்பும் முறை வந்தது. இரு உலோக அயன்களும் ஏறக்குறைய ஒரே அளவானவை என்பதால் தைத்தேனியம் அங்கே பொருந்தி உட்கார்ந்துகொள்கிறது. இன்று ஒரு கிராம் ஊக்கி பத்துக் கிலோவுக்கும் மேல் பிளாஸ்டிக்கை உருவாக்கும். கழுவவும் தேவையில்லை.

இந்த மகனீசியம் குளோரைட்டு எங்களுக்குப் புதிதல்ல. உப்பளத்தில் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் அதுதான் நிறைந்திருக்கிறது. ஆனையிறவில் உப்பு விளையும்போதெல்லாம் அந்த நீரும் மிஞ்சுகிறது. தைத்தேனியம் புல்மோட்டைக் கனிய மணலில், இல்மனைட்டாகவும் உரூத்தைலாகவும் இருக்கிறது. அதைக் குளோரைட்டாக்கக் குளோரீன் வேண்டும். ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்தது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. 1980களில் போர் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது.

மூன்று மூலப்பொருளும் வடக்கு கிழக்குக்குள்ளேயே. ஆனால் கனிய மணல் பிரித்தெடுத்த அளவில் கப்பலேறுகிறது. கயிறாக மாறும் பிளாஸ்டிக் மணியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். ஊக்கி செய்வது உலகில் சில பெரிய நிறுவனங்களின் கையிலுள்ள தொழில், குளோரீனோ கசிந்தால் ஆளைக் கொல்லும் வாயு. ஆகவே நாளைக்கே தொடங்கலாம் என்று நான் எழுதமாட்டேன்.

ஆனாலும் கேரளத்தின் சவரையைப் பார்க்கலாம். அங்கும் இதேபோன்ற கடற்கரை மணல்தான். அரசுக்குச் சொந்தமான கேரள மினரல்ஸ் அன்ட் மெட்டல்ஸ் நிறுவனம் அதைக் குளோரைட்டாக்கி, பெயின்டுக்கான வெள்ளை நிறப்பொடி செய்கிறது. 2011இலிருந்து, ஆண்டுக்கு 500 தொன் கொள்ளளவுள்ள ஆலையில் அந்தக் குளோரைட்டை மகனீசியத்துடன் தாக்கமுறச் செய்து, இந்திய விண்வெளித் திட்டத்துக்கான தைத்தேனியம் உலோகத்தையும் எடுக்கிறது. அந்தத் தாக்கத்தில் பக்கவிளைவாக வெளிவருவதும் மகனீசியம் குளோரைட்டே.