சோம்பு வாசனையும் ஒரு மன்னிப்பும்



நேற்று விடியற்காலையில் காசிமேடு போய் சங்கரா, கிழங்கான், பாறை, நாலு நண்டு வாங்கி வந்து வீட்டில் 'பூயபேஸ்' வைத்தேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பிரான்ஸின் மார்செய் துறைமுகத்து மீன் சாறுதான் அது. ராயபுரத்து அடுப்பில் பிரெஞ்சுச் சமையலா என்று கேட்பீர்கள். சரித்திர டீச்சர் அல்லவா, கொஞ்சம் பின்னாலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். 1748 உடன்படிக்கைப்படி, கனடாவில் தாங்கள் பிடித்து வைத்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையை விட்டுக் கொடுத்து, 1749இல் ஆங்கிலேயர் சென்னையைத் திரும்பப் பெற்றார்கள். இதை உங்களை நெட்டுரு போட வைத்தேனே, நினைவிருக்கிறதா?

ஆனால் எனக்குப் பிரெஞ்சுச் சமையல் வந்தது புதுச்சேரி வழியாக. 1674இல் அங்கே காலூன்றியவர்கள், நடுவில் டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் ஊர் கைமாறினாலும், 1954 நவம்பர் 1 வரை ஆண்டார்கள். என் பெரியம்மாவை அங்கேதான் கட்டிக் கொடுத்தார்கள். பெரியப்பா ஒரு 'சொல்தா'. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். சைகோனில் இருந்து திரும்பியவர். அதனால் அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் பிரான்ஸ், வியட்நாம், தமிழ்நாடு மூன்றும் ஒரே மேசையில் இருக்கும்.

போக்குவரத்து ஒருவழி மட்டுமல்ல. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து வெயிலில் உருட்டிக் காயவைக்கும் நம் தாளிப்பு வடகம், 'வதுவான்' என்ற பெயரில் பிரான்ஸுக்குப் போய், இன்று பெரிய ஓட்டல் சமையற்காரர்களின் அலமாரியில் இருக்கிறது.

பெரியம்மா பூயபேஸ் வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். மீன் தலை, முள், நண்டுக்கால் எல்லாவற்றையும் வெங்காயம், தக்காளி, பூண்டு, சோம்போடு எண்ணெயில் நன்றாக வதக்கி, தண்ணீர் ஊற்றித் தளதளவெனக் கொதிக்க விட வேண்டும். அப்போதுதான் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து சாறு கெட்டிப்படும். பிறகு வடிகட்டி, உருளைக்கிழங்கு போட்டு, அது வெந்ததும் தீயைக் குறைத்து, கெட்டி மீன் முதலிலும் மெல்லிய மீன் கடைசியிலும் போட வேண்டும். 'கொதிக்க வை, பிறகு தணி' என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள் என்பார்கள். அங்கே குங்குமப்பூ, பெரியம்மா வீட்டில் மஞ்சள். சாற்றை ரொட்டியோடு முதலில் குடித்து, மீனைத் தனியாகச் சாப்பிட வேண்டும்.

இது யாருடைய சமையல்? ராஜாவுடையது அல்ல. மார்செய் மீனவர்கள் விற்றது போக, யாரும் வாங்காத முள்மீனைக் கரையிலேயே கொதிக்க வைத்துக் குடித்த சாறு. காலப்போக்கில் அது பணக்கார மேசைக்கு ஏறியது. 1980இல் மார்செய் உணவகக்காரர்கள் கூடி, எந்தெந்த மீன் போட வேண்டும், எப்படிப் பரிமாற வேண்டும் என்று சாசனமே எழுதிவிட்டார்கள்.

இனிதான் நான் சொல்ல வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீனவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அவர்களைக் கண்டிக்கவில்லை. "நீ வெளியே போய்ச் சாப்பிடும்மா" என்று அவளைத்தான் அனுப்பினேன். மறுநாளிலிருந்து அவள் தயிர் சாதம்தான் கொண்டு வந்தாள். அதே கையால் அன்று பிற்பகல் டூப்ளே பற்றிக் கரும்பலகையில் எழுதினேன்.

விடுமுறைக்குப் போய் மூன்று கிண்ணம் மீன் சாறு குடித்த அதே ஆள்தான் நான். பிரெஞ்சுப் பெயர் இருந்ததால் அது எனக்குப் பெருமை. அவள் அம்மா விடியற்காலையில் வைத்த குழம்பு மட்டும் நாற்றமா? சோம்பு வாசனை கிளம்பியபோது நேற்று அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு துறைமுகத்துச் சாறு சாசனம் வரை போன கதையை அன்றைக்கு வகுப்பில் சொல்லியிருந்தால், அதுதான் நான் நடத்தியதிலேயே நல்ல சரித்திரப் பாடமாக இருந்திருக்கும்.

அம்மா, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன் அம்மா கைப்பக்குவத்தைச் சொல்லிக் கொடு. இந்த முறை நான் எழுதிக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்