மருத்துவ மரபியல் டி.எம். படிப்பு

மருத்துவ மரபியல் டி.எம். என்பது மரபுவழி நோய்களைக் கண்டறிதல், சிகிச்சை, குடும்ப ஆலோசனை ஆகியவற்றில் மருத்துவர்களுக்கு அளிக்கப்படும் மூன்றாண்டு உயர்சிறப்புப் படிப்பு. குழந்தை மருத்துவம், பொது மருத்துவம், மகப்பேறு மருத்துவம் ஆகியவற்றுள் ஒன்றில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் இதில் சேரலாம். லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனம், ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் (நிம்ஸ்), வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முதலியவற்றில் இப்படிப்பு உள்ளது.

குரோமோசோம் பகுப்பாய்வு, மரபணு வரிசைப்படுத்தல் முடிவுகளுக்குப் பொருள் காணல், வளர்சிதை மாற்றக் குறைபாடுகள், கருவிலேயே நோயறிதல் ஆகியன பயிற்சியின் கூறுகள். மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் வரைவதே அடிப்படைத் திறன்; எந்த விலையுயர்ந்த சோதனையும் அதற்கு ஈடாகாது.

தமிழகத்தில் இத்துறைக்குத் தனித் தேவை உண்டு. தாய்மாமன், அத்தை மகன் உறவில் மணமுடிக்கும் வழக்கம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் உட்படப் பல பகுதிகளில் நீடிக்கிறது. இத்தகைய மணங்களில் பெற்றோர் இருவரும் ஒரே ஒடுங்கு மரபணுக் குறைபாட்டைச் சுமக்கும் வாய்ப்பு மிகுதி; அவ்வாறு சுமந்தால் ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. தாய்மாமன்-அக்காள் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தையின் உள்ளின மணக் கெழு (ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் நிகழ்தகவு) 1/8. அத்தை, மாமன் மக்களிடையிலான மணத்தில் 1/16.

தமிழக எல்லைக்கு அப்பால், பெங்களூருவில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் இயங்குகிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையின்கீழ், பெங்களூரு இந்திரா காந்தி மருத்துவமனையுடன் இணைந்து இது சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டது.