கைப்பிடி இல்லாத கல்

நம் நெய்வேலி, 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு பல மாவட்டத்தாரும் வந்து குடியேறிய ஊர். தென்மாவட்டங்களிலிருந்து வந்த பெரியவர்களுக்கு இளவட்டக்கல் தெரியும். இங்கேயே பிறந்த பேரப்பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு.

அது உருண்டையான, வழவழப்பான கல். கைப்பிடி கிடையாது, விளிம்பும் கிடையாது. ஜிம்மில் உள்ள கம்பி விரலுக்குள் அடங்கும். வழுக்காமலிருக்கச் சொரசொரப்பும் போட்டிருப்பார்கள். இந்தக் கல்லிடம் விரல் பலம் மட்டும் செல்லாது. வியர்த்த கை வழுக்கும் என்பதால் முதலில் மண்ணைத் தொட்டுத் தேய்த்துக்கொள்வார்கள். குத்துக்காலிட்டு, இரு கையாலும் அணைத்துத் தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து எழுந்து, தோளுக்கு உருட்டிப் பின்னால் தள்ளுவார்கள். இறுக்கி அணைக்க அணைக்க உராய்வு கூடும். வகுப்பில் படித்த அதே உராய்வு விசைதான்! உண்மையான பிடி முன்கையிலும் மார்பிலும் இருக்கிறது.

இதைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்பது வாய்வழிச் செய்தி. கல்யாணக்கல் என்றும் சொல்வார்கள். ஸ்காட்லாந்திலும் இளைஞர்கள் தூக்கிக் காட்டும் கற்கள் இருந்தன. நம்மூர் வழக்கமும் அழிந்துவிடவில்லை. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள்.

ஆனால் பல ஊர்களில் இந்தக் கல் கோயில் ஓரமாகப் பாதி புதைந்து கிடக்கிறது. சாலை உயர உயர, கல் மறைகிறது. அதற்குக் கல்வெட்டு இல்லை. தூக்கியவர் பெயரும் எழுதப்படவில்லை. பொங்கலுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் அதைத் தேடிப் பாருங்கள். புதைந்திருந்தால் தோண்டி எடுத்து வையுங்கள். யார் யார் தூக்கினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.