பொட்டிக்குள்ள பொட்டி - கைமாறின கதை

விண்டோஸ் மேல லினக்ஸ் ஓட்ட எதைப் போடலாம், மேக்ல விண்டோஸ் ஓட்ட எது நல்லதுன்னு யாராவது கேட்டா நான் உடனே பேர் சொல்றதில்லைங்க. முதல்ல இந்த மென்பொருள்களோட ஜாதகத்தைப் பார்க்கணும்.

மெய்நிகர் கணினியை விஎம்வேர்தான் கண்டுபிடிச்சதுன்னு ஒரு நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. ஆனா ஐபிஎம் ஆளுங்க 1960களிலேயே அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் மாநில கேம்பிரிட்ஜில் சிபி-40 எழுதிட்டாங்க. இருப்பது ஒரே பெரிய கணினி; உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனிக் கணினி கிடைச்ச மாதிரி இருக்கும். 1972-ல் அதன் வாரிசு விஎம்/370 வாடிக்கையாளர்களுக்கே வந்துடுச்சு.

நம்ம பொட்டிக்கு வர ஏன் அவ்வளவு தாமதம்? எக்ஸ்86 சிப்தான் வில்லன். சில கட்டளைகளை உள்ளே ஓடுற இயங்குதளம் கொடுத்தா, மேலிருந்து கட்டுப்படுத்துற மென்பொருளுக்குத் தகவலே சொல்லாம, சத்தமில்லாம வேற மாதிரி நடந்துக்கும். 1998-ல் மெண்டல் ரோசன்பிளம், டயேன் கிரீன் உள்ளிட்ட ஐந்து பேர் விஎம்வேரை ஆரம்பிச்சாங்க. அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாத்தி எழுதுற உத்தியோட 1999-ல் வொர்க்ஸ்டேஷன் வந்தது. 2005-ல் இன்டெலும், 2006-ல் ஏஎம்டியும் சிப்புக்குள்ளேயே உதவி வைக்க, வேலை சுலபமாச்சு. 2007 தொடக்கத்தில் கேவிஎம் லினக்ஸ் கெர்னலுக்குள்ள போயிடுச்சு, வெர்ச்சுவல்பாக்ஸும் திறமூலமாச்சு.

இனிதான் மேட்டர். கனெக்டிக்ஸ் எழுதின வெர்ச்சுவல் பிசியை 2003-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிச்சு. இன்டெல் மேக் வந்ததும் 2006-ல் மேக் பதிப்புக்கு மூடுவிழா. வெர்ச்சுவல்பாக்ஸ் பிறந்த வீடு ஜெர்மனியின் இன்னோடெக். 2008-ல் சன் வாங்க, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கிடுச்சு. 2023 நவம்பரில் விஎம்வேர் பிராட்காம் கைக்குப் போச்சு. 2024-ல் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவை இலவசமாக்கினாங்க, சந்தோஷம்தான். ஆனா கொடுத்த கைக்குத் திருப்பி வாங்கவும் தெரியும் :-)

எங்கப்பாவோட கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில மட்டும்தான் ஓடும். அந்த எக்ஸ்பி இன்னிக்கு என் லேப்டாப்ல ஒரு வட்டுக் கோப்பா தூங்குது. கம்பெனி கைமாறினா கணக்கும் போயிடக் கூடாதில்லையா?

அதனால என் கட்சி இதுதான். லினக்ஸா, கேவிஎம். விண்டோஸ் ப்ரோவா, கூடவே வர்ற ஹைப்பர்-வி. எல்லாத்திலும் ஒரே முகம் வேணும்னா வெர்ச்சுவல்பாக்ஸ். 2020-க்கு அப்புறம் வந்த எம் வரிசை மேக்னா பேரலல்ஸ் அல்லது யூடிஎம். ஆனா அதுல ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ், லினக்ஸ்தான் வேகமா ஓடும். பழைய எக்ஸ்பி மாதிரி சமாச்சாரம் யூடிஎம்ல ஆமை வேகம்தான்.

எதைப் போட்டாலும் சரி, வட்டுக் கோப்பை க்யூஎமு-இமேஜ் கருவியால வேற வடிவத்துக்கு மாத்தி, ஒரு தடவை இன்னொரு மென்பொருள்லயும் திறந்து பார்த்துடுங்க. அங்கேயும் பூட் ஆச்சுன்னா அது உங்க மெஷின். இல்லேன்னா அது அவங்க மெஷின்.