லத்தீன் கல்வி, ஜெர்மன் பள்ளிகளில்

ஜெர்மனியில் பல்கலைக்கழகப் படிப்புக்கு வழிவிடும் ‘கிம்னாசியம்’ வகைப் பள்ளிகளில் அயல்மொழியாகக் கற்பிக்கப்படும் பாடம். மாணவர் எண்ணிக்கையில் ஆங்கிலம், பிரெஞ்சுக்கு அடுத்த இடம் நெடுங்காலமாக இதற்குத்தான். பெரும்பாலோர் ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பில் இரண்டாம் அயல்மொழியாகத் தொடங்குகிறார்கள். சில பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலேயே.

19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவில் கிம்னாசியத்தின் தலையாய பாடம் இதுவே. இறுதித் தேர்வில் லத்தீனிலேயே கட்டுரை எழுத வேண்டியிருந்தது. 1890இல் பெர்லினில் கூடிய கல்வி மாநாட்டில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், பள்ளிகள் வளர்க்க வேண்டியது இளம் ஜெர்மானியரை, கிரேக்கரையும் ரோமானியரையும் அல்ல என்று சாடினார். 1892ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் அந்தக் கட்டுரை காணாமல் போனது.

இன்று பேச்சுப் பயிற்சி மிக அரிது. வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் இனம்கண்டு ஜெர்மனில் பெயர்ப்பதே முதன்மை வேலை. பாடநூல் முடிந்தபின் சீசர், சிசரோ, ஓவிட் ஆகியோரின் மூல நூல்கள். மேல்வகுப்புத் தேர்வில் அகராதி அனுமதிக்கப்படுவதுண்டு. இலக்கணம் தடுமாறுபவருக்கு அதனால் பெரிய பயனில்லை.

போதிய தேர்ச்சி பெற்றவருக்கு ‘லாட்டினும்’ என்னும் தகுதி வழங்கப்படும். ஒருகாலத்தில் மருத்துவ மாணவரிடமும் கேட்கப்பட்ட இதை, இப்போது வரலாறு, இறையியல் போன்ற சில துறைகளே எதிர்பார்க்கின்றன. அங்கும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் வற்புறுத்துவதில்லை.