புள்ளியா, தட்டலா, பேச்சா: 'இ.எஃப்.டி.' முறையின் செயற்கூறு குறித்து

முகத்திலும் மார்பிலும் சில இடங்களை விரல்நுனியால் தட்டிக்கொண்டே, மனத்தை அரிக்கும் ஒன்றை வாய்விட்டுச் சொன்னால் உளைச்சல் தணியும் என்பது 'இ.எஃப்.டி.' எனப்படும் உணர்வு விடுதலை உத்தியின் கூற்று. ஓரளவு தணிகிறது என்று ஒப்புக்கொள்ளப் போதிய ஆய்வுகள் வந்துவிட்டன. எதனால் தணிகிறது என்பதில்தான் சிக்கல். அக்குபிரஷர் புள்ளிகளுக்கு அதில் தனிப் பங்கு உண்டு என்பது இதுவரை நிறுவப்படவில்லை என்பதே என் வாதம்.

இம்முறையின் மூலவர் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கலஹன். 1980 வாக்கில், தண்ணீர் என்றாலே நடுங்கிய ஒரு பெண்ணுக்கு அவர் நெடுநாள் சிகிச்சை தந்தும் பலனில்லை. அச்சம் வந்தால் வயிற்றைப் பிசைகிறது என்று அப்பெண் சொல்ல, சீன மருத்துவம் வயிற்றுக்கு உரியதாகக் கருதும் நாடித்தடம் கண்ணுக்குக் கீழே தொடங்குவதை நினைத்து, அந்த இடத்தைத் தட்டவைத்தார். அச்சம் அகன்றது என்று எழுதினார். நோயாளி ஒருவர், சாட்சி சிகிச்சையாளரே. பின்னர் ஒவ்வொரு கோளாறுக்கும் புள்ளிகளின் ஒவ்வொரு வரிசையை வகுத்தார். 1990களில் பொறியாளர் கேரி கிரெய்க் எல்லாவற்றையும் ஒரே வரிசையாகச் சுருக்கிவிட்டார். பலன் குறைந்ததாக அவர் சொல்லவில்லை. வரிசைக்குப் பொருள் இல்லை என்பதை ஆதரவாளர்களே இவ்வாறு ஒப்புக்கொண்டாயிற்று. கலஹனிடம் உயர்நிலைப் பயிற்சி பெற்றிருந்த மோனிகா பிக்னோட்டி 2005இல் வெளியிட்ட ஆய்விலும் அதுவே தெரிந்தது. கலஹனின் முறைப்படி நோயாளியின் குரலைக் கொண்டு கணித்த வரிசையும் மனம்போனபடி அமைத்த வரிசையும் 66 பேரிடம் ஒரே அளவு பலன் தந்தன.

நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உளைச்சலுக்கு முதலில் 0 முதல் 10க்குள் ஒரு மதிப்பெண். பிறகு சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பைத் தட்டியபடி, 'நாளைய தேர்வை நினைத்தால் கை நடுங்குகிறது; ஆனாலும் என்னை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்' என்பதுபோல் மும்முறை சொல்ல வேண்டும். அடுத்து புருவத்தின் தொடக்கம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழ், மூக்குக்குக் கீழ், உதட்டுக்கும் மோவாய்க்கும் இடையே, காறை எலும்பின் அடி, அக்குளுக்குக் கீழ், உச்சந்தலை என்று இடத்துக்கு ஏழெட்டுத் தட்டு. மறுபடி மதிப்பெண். தட்டுபவர் தாம் அஞ்சுவதை மனத்தில் நிறுத்துகிறார். அதற்குப் பெயர் சொல்கிறார். தன்னைக் கடிந்துகொள்வதை விடுகிறார். கவனத்தில் பாதியைத் தோலின்மீது வைக்கிறார். உளவியல் சிகிச்சையில் இவையெல்லாம் பழைய சரக்கு. புள்ளிகள் இல்லாமலே பதற்றத்தைத் தணிக்கக்கூடியவை.

இதைப் பிரித்தறிய முயன்ற ஆய்வுகளுள் எனக்கு முதன்மையாகப் படுவது, வெயிட், ஹோல்டர் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்டது. கனடாவில் 119 மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு உரிய புள்ளிகளைத் தட்டியது. இன்னொன்று கையில் புள்ளி அல்லாத இடங்களை. மூன்றாவது ஒரு பொம்மையை. நான்காவது எதையுமே தட்டவில்லை. தட்டிய மூன்று குழுக்களிலும் அச்சம் குறைந்தது, தட்டாத குழுவில் குறையவில்லை. பொம்மையைத் தட்டியவருக்கும் தணிந்தது என்றால் நாடித்தடத்துக்கு அங்கே என்ன வேலை? ஆதரவாளர்களின் மறுமொழி சாமர்த்தியமானது: பொம்மையைத் தட்டும் விரல்நுனியிலும் புள்ளிகள் உண்டு, அவை தூண்டப்பட்டன என்றார்கள். இதை ஏற்றால் எங்கே தட்டினாலும் ஒன்றுதான் என்றாகிறது. புள்ளிப்படத்தைச் சுருட்டி வைத்துவிடலாம். ஐயத்தைத் தீர்க்க எளிய வழி, பொம்மையைக் குச்சியால் தட்டச் சொல்லிப் பார்ப்பது.

ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டுவது மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் அளவு. டாசன் சர்ச் குழுவினர் 2012இல் 83 பேரிடம் செய்த ஆய்வில், ஒருமுறை தட்டியபின் உமிழ்நீர்க் கார்டிசால் சுமார் 24 விழுக்காடு குறைந்தது. ஆறுதலாகப் பேசிய குழுவிலும் சும்மா இருந்த குழுவிலும் 14 விழுக்காடு. 2020இல் பீட்டா ஸ்டேபிள்டன் குழுவினர் 53 பேரிடம் செய்த ஆய்வில், தட்டிய குழுவில் கண்ட குறைவு 43 விழுக்காடு. தட்டியபடி பேசினால் உடலும் தளர்கிறது என்பதற்கு இவை சான்றாகலாம். ஆனால் இரண்டிலும் பொய்ப்புள்ளிக் குழு கிடையாது; ஆகவே நம் கேள்விக்கு அவை வாயே திறப்பதில்லை.

எதிர்ச்சான்று இல்லாமலில்லை. ஆசிரியர்களின் பணிச் சோர்வு குறித்து 2015இல் வந்த ஓர் ஆய்வில், முன்கையைத் தட்டியவர்களைவிட உரிய புள்ளிகளைத் தட்டியவர்கள் கூடுதலாகத் தேறினர். இத்தகைய ஆறு ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை புள்ளிகளுக்கே சாதகமாக முடிந்தது. அதன் முதல் ஆசிரியரும் டாசன் சர்ச்தான். இம்முறையை முன்னின்று பரப்புபவர். அதற்காகவே அதைத் தள்ளிவிட முடியாது, ஆனால் அத்தொகுப்பின் முறையியல் குறித்துக் கடுமையான மறுப்பும் எழுந்திருக்கிறது. சிகிச்சை தருபவருக்கு எது உண்மைப்புள்ளி என்பது தெரிந்தே இருக்கும். அவர் குரலில் ஏறும் நம்பிக்கை நோயாளிக்கும் தொற்றும். மாத்திரையைப்போல இங்கே இருபக்கமும் மறைத்துச் சோதிப்பது கடினம்.

மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2018இல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் குறித்த வழிகாட்டுதலில் இவ்வுத்தியை மேலும் ஆராய வேண்டியவற்றுள் சேர்த்தது. நியாயமான இடம். தேர்வுப் பதற்றத்தில் ஒரு மாணவி புருவத்தைத் தட்டிக்கொள்வதால் யாருக்கும் நட்டமில்லை, செலவுமில்லை. வன்முறைக்கு ஆளான ஒருவரை வார இறுதிப் பயிற்சி மட்டும் பெற்றவர் உட்காரவைத்துத் தட்டச் சொல்வது வேறு விஷயம். அங்கே கிளம்புவது நினைவு. அது பொங்கி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவரா என்பதையே அவரிடம் முதலில் கேட்க வேண்டும்; ஒன்பது புள்ளிகளையும் பிசகாமல் தட்டுவாரா என்பது பிறகு.