கோட்டியும் குணமும்

கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சில் மனம் பிசகியதைக் ‘கோட்டி’ என்பார்கள். ஒருவருக்குக் கோட்டி பிடித்தது என்றால், நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். வந்தது போகவும் கூடும். ஆனால் ‘அவன் கொணமே அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. வந்தது நோய், கூடப் பிறந்தது குணம் என்ற இந்தக் கோட்டை ஊர் மட்டும் கிழிக்கவில்லை. நூறாண்டு மருத்துவமும் மனநோய்களை வகைப்படுத்தியபோது இதே கோட்டைத்தான் கிழித்தது. அது தவறான கோடு என்பதும், அதற்கான விலையைக் குணக்காரர்கள் என்று தள்ளப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கொடுத்தார்கள் என்பதும்தான் இந்த வாரம் நான் சொல்ல வருவது.

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் ஒரு சிறு குழி இருக்கிறது. ஒருவர் சம்மணமிட்டு உட்காரும் அளவுதான். அதிலுள்ள சக்கரத்தை நிறுவியவர் வேலப்ப தேசிகர் என்பது தலத்தின் வழக்கு. மனநலம் குன்றியவர்களை அதில் அம்மனைப் பார்த்து உட்காரவைத்து வேண்டிக்கொள்கிறார்கள். என்ன வகை நோய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அடைத்துவைக்கும் இடத்துக்குத்தான் வகை தேவைப்பட்டது. சென்னையில் 1794இல் தொடங்கிய காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. மனநோயாளிகளைப் பற்றிய 1912ஆம் ஆண்டுச் சட்டத்துக்கோ நுட்பமான பிரிவுகளில் அக்கறை இல்லை. பிறவியிலேயே அறிவு வளராதவர், சித்தம் சரியில்லாதவர் என்ற இரண்டு பேர்களுக்குள் எல்லாரையும் அடக்கியது.

நுட்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் நோயின் போக்கைப் பின்தொடர்ந்து வகை பிரித்தார். 1923இல் குர்ட் ஷ்னைடர், நோயாளி என்று சொல்ல முடியாத, ஆனால் தன் இயல்பாலேயே தானும் துன்பப்பட்டுப் பிறரையும் துன்பப்படுத்துகிற மனிதர்களைப் பத்து வகையாகப் பிரித்து எழுதினார். இன்றைய ‘ஆளுமைக் கோளாறு’ என்ற கருத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அந்தக் கோட்டை அச்சிலேயே போட்டுவிட்டது: மற்ற நோய்கள் முதல் அச்சில், ஆளுமைக் கோளாறுகள் இரண்டாம் அச்சில். முதல் அச்சுக்கு மருந்து இருந்தது. இரண்டாம் அச்சில் விழுந்தவரை மாறாதவர் என்று பல மருத்துவர்கள் கைவிட்டார்கள். 2013இல்தான் அந்த அச்சுகள் நீங்கின.

குணம் மாறாது என்பது உண்மைதானா? மேரி ஜனரினி பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் 290 பேரைப் பின்தொடர்ந்தார். உறவில் ஓயாத கொந்தளிப்பு, தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல், கைவிடப்படுவோமோ என்ற தீராத பயம் ஆகியவை கொண்ட எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உடையவர்கள் அவர்கள். பத்தாண்டுக்குள் 93 சதவீதம் பேருக்கு நோய்க்குறிகள் குறைந்தபட்சம் இரண்டாண்டு காலம் விலகியிருந்தன. வேலையும் உறவும் சேர்ந்து நிலைப்பட்டவர்கள் பாதிப்பேர்தான். இதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ‘மாறாது’ என்ற பழைய தீர்ப்பு இதற்குப் பின் நிற்காது. குணம் என்ற சொல்லுக்கே நம் மொழியில் இயல்பு என்றும் நோய் தீர்தல் என்றும் இரண்டு பொருள் இருப்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய்ப் பட்டியல், பழைய ஆளுமை வகைகளை ஏறக்குறைய முழுவதும் கைவிட்டுவிட்டது. மருத்துவர் முதலில் குறிப்பது பாதிப்பு லேசா, நடுத்தரமா, கடுமையா என்பதை மட்டும்தான். எந்தப் பண்புகள் தூக்கலாக இருக்கின்றன என்பது அதன் பிறகு. எல்லைநிலைக்கு மட்டும் தனிக்குறிப்பு மிஞ்சியிருக்கிறது. இது சரியான திருப்பம் என்றே நினைக்கிறேன். ஒரே ஆள் மூன்று வகைக்குப் பொருந்துவதும், எதற்கும் சரியாகப் பொருந்தாமல் ‘குறிப்பிடப்படாதது’ என்று எழுதப்படுவதும் வழக்கமாக இருந்தன. வகையைவிட, அந்த மனிதருக்கு வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதே சிகிச்சைக்கு வழிகாட்டும்.

கெட்ட குணத்தை நோயாக்கினால் குற்றவாளி தப்பித்துவிடுவானே என்பார்கள். தப்பிக்க முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் போலவே, செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய இயலாத நிலையைக் கேட்கிறது. நோயின் பெயர் எழுதிய சீட்டு மட்டும் அதற்குப் போதாது. பட்டியல் மேல்நாட்டுச் சரக்கு என்ற கண்டனம் இதைவிட வலுவானது. ஆனால் வகைப்படுத்துதல் நமக்கு அந்நியமில்லை. சித்த மருத்துவம் கிரிகை எனப்படும் மனநோய்களை 18 என்று எண்ணியது. எல்லாவற்றிலும் கூர்மையான ஆட்சேபம், ஊருக்கு அடங்காதவர்களை நோயாளியாக்க இது கருவியாகும் என்பது. நடந்துமிருக்கிறது: தன்பால் ஈர்ப்பு 1973வரை அமெரிக்கக் கையேட்டில் நோயாக இருந்தது. அதே கையேட்டிலிருந்து அதை நீக்க வைத்தது வெளிப்படையான வாதமும் வாக்கெடுப்பும். எழுத்தில் இருக்கும் பட்டியலோடு வாதாடலாம். எழுதப்படாத ஊர்த் தீர்ப்போடு எப்படி வாதாடுவது?

நம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த அச்சத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. சமூக, ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைப் பட்டியல் போன்ற அளவுகோல்களைப் பின்பற்றச் சொல்வதும் அதே பிரிவுதான். ஆனால் மனநோய்க்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் சட்டம் சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, திசையுணர்வு, நினைவு என்ற ஐந்தைத்தான் எண்ணுகிறது. குணம் அந்த ஐந்தில் இல்லை. பழைய கோடு அங்கே இன்னும் அழியவில்லை.